போர்ட்டல் முதல் பாகமா, இரண்டாம் பாகமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கம்பியூட்டர்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலையானால் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளும், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் போர்ட்டல் என்ற கம்பியூட்டர் புதிர் விளையாட்டை ஆட அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கதை முடிச்சு அவிழும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, இது சுடுற கேமா?

கையில் துப்பாக்கி இருக்கும். ஆனால் அதிலிருந்து தோட்டா வராது, வாசல் வரும். ஒரு சுவரில் சுட்டால் நீல வாசல், இன்னொன்றில் சுட்டால் ஆரஞ்சு வாசல். நீலத்தில் நுழைந்தால் ஆரஞ்சில் வெளியே வந்துவிடுவீர்கள், நடுவில் எவ்வளவு தூரம் இருந்தாலும் சரி. கறுப்பு இரும்புத் தகட்டில் வாசல் ஒட்டாது, வெள்ளைச் சுவரில்தான் ஒட்டும். இதை வைத்துக்கொண்டு பூட்டிய அறை ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேற வேண்டும். பெட்டியைத் தூக்கிப் பொத்தான் மேல் வைக்க வேண்டும், பள்ளத்தைத் தாண்ட வேண்டும், சுட்டுத்தள்ளக் காத்திருக்கும் காவல் இயந்திரங்களைப் பின்பக்கமாகப் போய்க் கவிழ்க்க வேண்டும்.

நீங்கள் செல் என்ற பெண். அப்பெர்ச்சர் சயன்ஸ் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைச் சோதித்துக்கொண்டிருப்பது கிளாடோஸ் என்ற இயந்திரம். இரண்டு பாகங்களிலும் செல் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள்.

எப்போது வந்தவை? யார் செய்தது?

இரண்டுமே அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்துடையவை. முதல் பாகம் 2007 அக்டோபரில் தி ஆரஞ்ச் பாக்ஸ் என்ற தொகுப்பில், வேறு விளையாட்டுகளோடு ஒன்றாக வந்தது. இரண்டாவது 2011 ஏப்ரலில் தனி விளையாட்டாக வந்தது.

முதல் பாகத்தின் விதை மாணவர்களுடையது. டிஜிபென் கல்லூரியில் படித்த சிலர் நார்பாகுலர் டிராப் என்று ஒரு விளையாட்டைச் செய்திருந்தார்கள். அதைப் பார்த்த வால்வ், குழு முழுவதையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாகத்தில் வரும் வண்ணக் கூழும் அப்படித்தான், அதே கல்லூரியின் வேறொரு மாணவர் குழுவின் யோசனை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று குழம்பி நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

எதை முதலில் விளையாட வேண்டும்?

முதல் பாகத்தை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாம் பாகமும் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்கத்தான் செய்கிறது, அதனால் நேரே அதற்குப் போனாலும் விளையாட முடியும். ஆனால் அதில் கிளாடோஸ் உங்கள் மேல் வைத்திருக்கும் கோபம் முழுக்க முதல் பாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கு தெரியாமல் போனால், அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட மாதிரிதான் இருக்கும்.

முதல் பாகத்தில் கதையே இல்லை என்கிறார்களே?

இருக்கிறது, ஆனால் யாரும் உட்கார வைத்துச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் மேலே பார்த்தால் மங்கலான கண்ணாடி போட்ட கண்காணிப்பு அறை தெரியும். உள்ளே நாற்காலி, மேசை, கம்பியூட்டர் எல்லாம் இருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டார். முதல் சில அறைகளில் இதைக் கவனிக்கவே மாட்டோம். ஏழாவதோ எட்டாவதோ அறையில்தான் "என்ன, ஒருத்தரையும் காணோமே" என்று உறைக்கும். பாதிக்கு மேல் போனால் ஒரு சுவர்த் தகடு விலகியிருக்கும். அதன் பின்னால் ஒளிந்து வாழ்ந்த யாரோ சுவரில் கிறுக்கி வைத்திருப்பார்கள். சோதனையை முடித்தால் கேக் தருவதாகக் கிளாடோஸ் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கேக் பொய் என்று சுவர் சொல்லும்.

எழுதியவர்கள் எரிக் வோல்பாவும் செட் ஃபாலிசெக்கும். கிளாடோஸுக்குக் குரல் கொடுத்தவர் எல்லன் மெக்லெய்ன். அந்த ஒரு குரலும் காலி நாற்காலிகளும்தான் முதல் பாகத்தின் மொத்தக் கதை. எனக்கு அது போதும் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.

புதிர் முதல் பாகத்தில் நன்றாக இருக்கிறதா, இரண்டாவதிலா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் பாகம் சொல்லிக் கொடுக்கும் விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் உங்களிடம் துப்பாக்கியே இல்லை. வாசல்கள் தாமாகத் திறந்து மூடும், நீங்கள் நுழைந்து பார்க்க வேண்டியதுதான். அப்புறம் நீல வாசல் மட்டும் போடும் துப்பாக்கி கிடைக்கும். ஆரஞ்சு வாசல் ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கும். பதினோராவது அறையில்தான் இரண்டையும் போடும் வசதி வருகிறது. அதற்குள் ஒவ்வொரு சங்கதியும் உங்கள் கைக்குப் பழகிப்போயிருக்கும்.

பத்தாவது அறையைச் சொல்கிறேன். அங்கேதான் வேகத்தைப் பற்றிய பாடம். உயரத்திலிருந்து தரையில் உள்ள வாசலுக்குள் விழுந்தால், விழுந்த வேகம் குறையாமல் அப்படியே மறு வாசலில் வெளியே வருவீர்கள். மறு வாசல் சுவரில் இருந்தால், கீழ்நோக்கிய வேகம் முன்நோக்கிய வேகமாகிவிடும், நீங்கள் பறப்பீர்கள். தோட்டத்திலிருந்து வரும் இரண்டாம் படிவப் பையன் ஒருவன் இந்த அறையில் இருபது நிமிடம் நின்றான். பள்ளத்துக்கு மேலே எதிர்ப்பக்க மேடை தெரிகிறது. ஓடிப் போய்க் குதிக்கிறான், எட்டவில்லை. மறுபடி குதிக்கிறான், மறுபடியும் எட்டவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பள்ளத்தின் அடியிலேயே நீல வாசலைச் சுட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். குதித்தான். சுவரிலிருந்து கல் மாதிரிப் பாய்ந்து எதிர் மேடையில் போய் விழுந்தான். "அக்கா! அக்கா!" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிறகு அவனாகவே பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டினான். ஃபிசிக்ஸ் என்ற பாடம் இருப்பதே அவனுக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் பாகத்தில் சாமான்கள் அதிகம். ஒளிப் பாலம், ஆளை மிதக்கவைத்து இழுத்துப்போகும் குழாய் போன்ற கதிர், லேசர் கதிர், தூக்கி எறியும் பலகை. அப்புறம் கூழ்: நீலக் கூழில் மிதித்தால் துள்ளுவீர்கள், ஆரஞ்சில் ஓடினால் வேகம் கூடிக்கொண்டே போகும், வெள்ளையைக் கறுப்புச் சுவரில் பூசினால் அங்கே வாசல் ஒட்டும். ஒவ்வொன்றும் அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

என் குறை வேறு. கதையை ஓடவைப்பதற்காக, இரண்டாம் பாகத்தின் நடுப்பகுதியில் உங்களைப் பிரம்மாண்டமான குகைகளில் விட்டுவிடுகிறார்கள். அங்கே வாசல் ஒட்டும் வெள்ளைச் சுவர் எங்கோ தூரத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். அதைக் கண்ணால் தேடிப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பெயர் தேடுதல். புதிர் என்று அதை நான் சொல்லமாட்டேன். முதல் பாகத்தில் எல்லாமே கண்ணெதிரே இருக்கும், யோசனை மட்டும்தான் பாக்கி இருக்கும். தனியாக ஆடும் இரண்டாம் பாகத்தில் அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இருவர் விளையாட்டைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியில் ஏன் இதயம் வரைந்திருக்கிறது?

பதினேழாவது அறையில் ஒரே பெட்டியைக் கடைசிவரை சுமந்துகொண்டு போக வேண்டும். சோதனைக்கு விளையாடிப் பார்த்தவர்கள் அதை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மறக்கக் கூடாது என்பதற்காக வால்வ் குழுவினர் இதயத்தை வரைந்து, அதை உங்கள் துணை என்று கிளாடோஸ் வாயால் சொல்லவைத்தார்கள். புதிரைச் சரிசெய்யப் போன இடத்தில் ஒரு பாத்திரம் பிறந்துவிட்டது. அந்த அறையின் முடிவில் அதை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதை நீங்களே பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை மாட்டேன் என்று கம்பியூட்டரை விட்டு எழுந்து போயிருக்கிறாள்.

இரண்டாம் பாகத்தின் கதை அப்படி என்ன? (கதை தெரிந்துவிடும்)

விளையாடாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பல காலம் கழித்து செல் கண் விழிக்கிறாள். கூடம் இடிந்து, செடிகொடி மண்டிக் கிடக்கிறது. வீட்லி என்ற உருண்டை இயந்திரம் அவளுக்கு உதவ வருகிறது. குரல் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட். பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. தப்பிக்கும் முயற்சியில் தவறிப்போய்க் கிளாடோஸை எழுப்பிவிடுகிறார்கள். பிறகு வீட்லியைக் கிளாடோஸின் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்ததும் அது மாறிவிடுகிறது. அதிகாரம் இல்லாதவரை நல்லவனாக இருந்த ஆள்தான் வீட்லி. கிளாடோஸை ஓர் உருளைக்கிழங்கில் அடைத்து, உங்களையும் சேர்த்துப் பாதாளத்தில் தள்ளிவிடுகிறது. 1.1 வோல்ட்டில் ஓடுகிற எதிரியைத் துப்பாக்கி முனையில் குத்திக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். அறிவியல் பாடத்தில் உருளைக்கிழங்கில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி பல்பு எரியவைத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பாதாளம்தான் பழைய அப்பெர்ச்சர். கைவிடப்பட்ட உப்புச் சுரங்கம். அடியில் 1950கள், மேலே ஏற ஏற 1970கள், 1980கள். நிறுவனர் கேவ் ஜான்சன் இப்போது இல்லை, ஒலிபெருக்கியில் அவருடைய பழைய பதிவுகள் மட்டும் ஓடுகின்றன. பேசியவர் ஜே. கே. சிம்மன்ஸ். ஆரம்பத்தில் சோதனைக்கு வந்தவர்கள் விண்வெளி வீரர்கள், ஒலிம்பிக் வீரர்கள், போர் வீரர்கள். பணம் வற்றியதும் தெருவில் கிடப்பவர்களை அறுபது டாலர் கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். கடைசியில் சொந்த வேலைக்காரர்களையே கட்டாயமாக அனுப்புகிறார்கள்.

ஒரு மத்தியானம் நான் இதை விளையாடிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கேவ் ஜான்சன் பேசுவதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அறுபது டாலர் இடம் வந்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது. "அசல் தொரை மாதிரியே பேசுறானே" என்றார். தோட்ட மேனேஜரைத்தான் தொரை என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு யாரு, அவன் சொன்னதுக்கெல்லாம் சரி சொல்றாளே, கிராணியா?" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. கேரோலைன் என்ற உதவியாளரைத்தான் கேட்டார். கேரோலைன் யார் என்பதுதான் கதையின் பெரிய முடிச்சு. அம்மா இரண்டு நிமிடத்தில் விரலை அங்கே வைத்துவிட்டார்.

அம்மா வேலை செய்த தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. பழைய ரப்பர் ஸ்டோர் ரொம்ப நாள் இடிக்காமல் கிடந்தது. சின்ன வயதில் உள்ளே போயிருக்கிறேன். பால் அடைகட்டும் தொட்டிகள், துருப்பிடித்த உருளை இயந்திரம், ஜாக்கிரதையாக வேலை செய்யச் சொல்லும் தகர பலகை, ஆளில்லாத நிறுவைத் தராசு. பழைய அப்பெர்ச்சரில் நடக்கும்போது அந்த ஸ்டோரின் புளித்த வாடை மூக்கில் வந்து நிற்கும் எனக்கு. புதிர் தளர்ந்துவிட்டது என்று மேலே குறை சொன்னேன் இல்லையா, அது இதே பகுதியைத்தான். இருந்தாலும் இதை வெட்டிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இருவர் சேர்ந்து விளையாடலாமா?

முதல் பாகத்தில் முடியாது. இரண்டாவதில் அதற்கென்றே தனிக் கதை, தனி அறைகள் உண்டு. அட்லஸ், பி-பாடி என்று இரண்டு ரோபோக்கள். ஆளுக்கு இரண்டு வாசல், மொத்தம் நான்கு. ஒரே திரையைப் பிரித்தும் விளையாடலாம், இணையத்தில் இரண்டு வீட்டிலிருந்தும் விளையாடலாம். 2011 அக்டோபரில் இலவசமாக இன்னொரு பகுதியும் சேர்த்தார்கள்.

முதல் பாகத்தின் உண்மையான வாரிசு இதுதான் என்பேன். எல்லாம் கண்ணெதிரே இருக்கும், தேடுவதற்கு ஒன்றுமில்லை, நான்கு வாசலை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கதை மிகவும் குறைவு. புதிருக்காக மட்டும் விளையாடுபவர் முதல் பாகத்தை முடித்ததும் நேரே இதற்கு வரலாம்.

எங்கள் வீட்டில் நான்காம் படிவ அண்ணனும் ஒன்றாம் படிவத் தங்கையும் இதை விளையாடினார்கள். அண்ணன் பொத்தானில் நிற்க வேண்டும், தங்கை பாலத்தில் நடக்க வேண்டும். தங்கை பாதி வழியில் இருக்கும்போது அண்ணன் எதையோ பார்க்கப் பொத்தானை விட்டு நகர்ந்துவிட்டான். பாலம் மறைந்தது, தங்கை அமிலத்தில். மூன்றாவது தடவை அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து, அண்ணனின் நாற்காலியை மேசையோடு இறுக்கித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மலாயில் "சத்து, டுவா, திகா" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார்கள். எண்ணிக்கை காட்டும் வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. இருந்தாலும் வாயால் எண்ணினால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. இதற்கிடையில் கிளாடோஸ் ஒருவரை மட்டும் பாராட்டி மற்றவரை மட்டம் தட்டி மூட்டிவிடப் பார்க்கும். பிள்ளைகளிடம் அதை முன்பே சொல்லிவையுங்கள்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. புரியுமா?

முதல் பாகம் புரியும். அறைகளே பேசும். இரண்டாவதில் வீட்லி பிரிட்டிஷ் உச்சரிப்பில் படபடவென்று பேசுவதால் வசன வரியைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால் சுவை கூடும், அம்மா விஷயத்தில் நான் பார்த்தது அதுதான்.

என் மகனுக்கு ஒன்பது வயது. கொடுக்கலாமா?

அமெரிக்கத் தரப்படி முதல் பாகம் 13 வயதுக்கு மேல், இரண்டாவது 10 வயதுக்கு மேல். முதல் பாகத்தில் குண்டு பட்டால் சுவரில் ரத்தம் தெரியும். இரண்டிலுமே கிளாடோஸின் பேச்சில் குத்தல் அதிகம். செல்லின் உடம்பைக் கேலி செய்யும், பெற்றோர் இல்லாததைச் சொல்லிக் காட்டும். அந்த மாதிரிப் பேச்சைச் சொந்த வீட்டிலோ பள்ளியிலோ கேட்டு வாடியிருக்கும் பிள்ளை என்றால், தனியாக விடாமல் கூட உட்காருங்கள் என்று சொல்வேன். மற்றபடி ஒன்பது வயதில் புதிர்கள் கொஞ்சம் கடினம். இரண்டு மூன்று வருடம் காத்திருந்தால் நட்டமில்லை.

பழைய கம்பியூட்டரில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். இரண்டும் பழைய விளையாட்டுகள்தான். இரண்டாவதற்கு 8 ஜி.பி. இடம் வேண்டும். ஆனால் இவற்றை வாங்கி விளையாட உதவும் வால்வின் ஸ்டீம் செயலி 2024 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டது, ஆகவே விண்டோஸ் 10 ஆவது இருக்க வேண்டும். புதிய மேக் கம்பியூட்டர்களில் ஓடாது. நிண்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் இரண்டும் சேர்ந்த தொகுப்பு வந்திருக்கிறது.

வாங்குவதென்றால் ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். ரொம்பக் குறைத்துக் கொடுப்பார்கள்.

தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

முதல் பாகத்தில்தான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய் நில்லுங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் பாகம் வருமா?

இதுவரை வரவில்லை. ஆனால் இரண்டாவதில் 2012 மேயில் அறை கட்டும் கருவியை இலவசமாகச் சேர்த்தார்கள். நீங்களே அறை கட்டலாம், மற்றவர்கள் கட்டியதை விளையாடலாம். ரசிகர்கள் செய்த முழு விளையாட்டுகளும் உண்டு. 2015இல் வந்த போர்ட்டல் ஸ்டோரீஸ்: மெல் ரொம்பக் கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். செய்தவர்களே அறைக்கு அறை விளக்கிப் பேசும் வசதி இரண்டு பாகங்களிலும் இருக்கிறது. ஒருமுறை முடித்தவர்கள் அதைப் போட்டுக் கேளுங்கள். பெட்டிக்கு இதயம் வந்த கதையை நான் அங்கேதான் கேட்டேன்.

மாட்டிக்கொண்டேன். யூடியூப் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு புதிருக்கு விடை ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். முதலில் வெளியேறும் கதவைப் பாருங்கள். அதைத் திறப்பது எது, அந்தப் பொத்தானுக்கு என்ன வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள், பாதிப் பேர் கூரையைப் பார்ப்பதே இல்லை. அப்படியும் வரவில்லையென்றால் மூடிவிட்டுத் தூங்குங்கள்.

பத்தாவது அறையில் பறந்தானே, அதே பையன் முதல் பாகத்தின் கடைசி அறைகளில் ஒன்றில் இரண்டு சனிக்கிழமை மாட்டிக்கொண்டான். சொல்லவா என்று கேட்டேன், வேண்டாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, அவன் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அம்மாவின் கைப்பேசியிலிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது. "அக்கா, விழுறதுக்குள்ளயே அடுத்த வாசலச் சுடணும்க்கா. சனிக்கிழமை யாரும் என் கம்பியூட்டர்ல உட்காரக் கூடாதுன்னு சொல்லி வைங்க."